முன் பிரேக் எந்தக் கைக்கு

அந்தச் சனிக்கிழமை பட்டறையில் இருந்தவர்கள் இவர்கள்: பட்டறைக்காரர் ஆணி, அவர் மனைவி, அவர்களுடைய ஒரே மகள் பட்டாணி, அவளைக் கட்டிய மாப்பிள்ளை, மாப்பிள்ளையின் தகப்பனார் பஞ்சு. மாப்பிள்ளையின் தாயார் சளி பிடித்து ஊரிலேயே தங்கிவிட்டார். அவரை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை. எதிர்வரிசைத் தையல்காரர் ஒரு தடவை எட்டிப் பார்த்துக் குடை இரவல் வாங்கிக்கொண்டு போனார். அவர் வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. வேறு யாரும் இல்லை.

ஆணி என்பது முதுகைப் பார்த்து வந்த பெயர். சைக்கிள் வேலைக்காரர்கள் பாதிப் பேருக்கு நாற்பது வயதில் கூன் விழுந்துவிடும். ஆணிக்கு விழவில்லை. ஆள் சைக்கிளுக்குக் குனியக் கூடாது, சைக்கிள்தான் ஆளின் மார்புக்கு ஏறி வர வேண்டும் என்பது அவர் கட்சி. அதற்காகத் தண்ணீர்க் குழாய்களை வெட்டி இணைத்துத் தாமே ஒரு தாங்குகால் செய்து வைத்திருந்தார். அதில் மாட்டினால் சக்கரம் மூக்குக்கு நேராகச் சுற்றும். மகளுக்குப் பட்டாணி என்று பெயர் வந்தது உயரத்தைப் பார்த்து. ஆணிக்குப் பட்டாணி பிறந்தாள் என்று தெருவில் ஒரு கேலி உண்டு. அதை ஆணியின் முகத்துக்கு நேரே சொன்னவர்கள் யாரும் இல்லை.

பட்டாணி ஓட்டுவது சேற்றுப் பந்தயம். சைக்ளோகிராஸ் என்பார்கள். சாலைப் பந்தய சைக்கிளைப் போலவே ஹேண்டில்பார் கீழ்நோக்கி வளைந்திருக்கும். டயர் மட்டும் தடிப்பாகப் பல் வைத்திருக்கும். புல், மணல், சேறு, மேடு, பள்ளம் எல்லாவற்றிலும் ஓட்ட வேண்டும். நடுவில் முழங்கால் உயரத்துக்குப் பலகை நட்டிருப்பார்கள். பலகை வந்ததும் ஓடுகிற சைக்கிளிலிருந்து இடதுபக்கமாக இறங்கி, சைக்கிளைத் தூக்கிக்கொண்டு தாண்டி, மறுபடி தாவி ஏறி ஓட வேண்டும். இறங்கும்போது வலது கை சட்டத்தைப் பிடிக்கப் போய்விடும். ஹேண்டில்பாரில் மிஞ்சுவது இடது கை ஒன்றுதான்.

அந்த ஒரு கையில்தான் இரண்டு குடும்பங்களின் மானமும் இருந்தது.

ஆணியின் பட்டறையில், அவர் தகப்பனார் காலத்திலிருந்தே, முன் பிரேக் வலது கைக்கு, பின் பிரேக் இடது கைக்கு. காரணமும் உண்டு. பலகை முன்னால் உடம்பு ஒருபக்கம் தொங்கிக்கொண்டிருக்கும்போது, தனியாக இருக்கிற கை முன் பிரேக்கை அழுத்தினால் ஆளைத் தூக்கி எறிந்துவிடும். பின் பிரேக் அப்படிச் செய்யாது. ஆற்றுக்கு அக்கரையில் இருந்த பஞ்சுவின் பட்டறையில் இதற்கு நேர்மாறு. முன் பிரேக்தான் வண்டியை நிறுத்துகிறது. நிறுத்துகிற பிரேக் கடைசிவரை ஹேண்டில்பாரை விடாத கையில் இருக்க வேண்டாமா என்பது அவர்கள் நியாயம். இரண்டு பட்டறைக்காரர்களும் சம்பந்தம் பேசியபோது வீடு, வேலை, உடம்பு, குணம் எல்லாவற்றையும் பேசினார்கள். இதை மட்டும் இரண்டு பேரும் பேசவில்லை. பேசியிருந்தால் அந்தச் சம்பந்தமே நடந்திருக்காது என்று ஆணியின் மனைவி சொல்வாள்.

கல்யாணம் ஆகி ஒரு வருடம் பட்டாணி மாமனார் முறையில் ஓட்டினாள். அந்த வருடம் நன்றாக அமையவில்லை. கை மாறியதால் அல்ல. இறக்கத்தில் பிரேக் பிடித்தால் முன்சக்கரத்தைக் கவ்வி நிற்கும் ஃபோர்க் கிடுகிடுவென்று ஆடியது. பஞ்சு பிரேக் கட்டையை மாற்றிப் பார்த்தார், கோணத்தைத் திருப்பிப் பார்த்தார், சக்கரத்தையே மாற்றிப் பார்த்தார். ஆட்டம் நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்தில் முதல் எட்டுப் பேருக்குள் வந்தால்தான் மண்டலக் குழுவில் அவள் இடம் நிலைக்கும். இல்லாவிட்டால் வேறொருத்திக்குப் போய்விடும். ஆகவே பஞ்சு ஒரு காரியம் செய்தார். தம் பட்டறையில் கட்டிய சைக்கிளைத் தாமே தூக்கிக்கொண்டு, மகன், மருமகளோடு ஆணியின் வாசலில் வந்து நின்றார்.

"சம்பந்தி, இதுக்கு உங்க கைதான் வேணும்" என்றார்.

ஒரு வேலைக்காரர் இன்னொரு வேலைக்காரரிடம் இதைச் சொல்வது சின்ன விஷயம் அல்ல. ஆணிக்கு அது தெரியும். "வாங்க, நனைஞ்சிட்டீங்களே" என்று மட்டும் சொல்லித் துண்டை எடுத்துக் கொடுத்தார்.

மழை காலையிலிருந்தே தகரக் கூரையில் பயறு கொட்டுகிற மாதிரி கொட்டிக்கொண்டிருந்தது. ஆணி சைக்கிளைத் தாங்குகாலில் மாட்டிச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"எங்க ஆடுது, சொல்லு."

"இறக்கத்துலப்பா. புடிச்சா ஃபோர்க் ஆடுது, கை ஆடுது, பல்லு கூட ஆடுது."

"பல்லு நான் பாக்கறதில்ல" என்றார் ஆணி.

பஞ்சு பட்டறை வாசலிலேயே நின்றுவிட்டார். இன்னொருவர் வேலை செய்யும்போது பின்னால் நின்று பார்ப்பது மரியாதை அல்ல என்பது அவர் பழக்கம். "நான் அந்தப் பக்கம் இருக்கேன்" என்று சமையலறைக்குப் போய், ஆணியின் மனைவி வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல், கத்தியை வாங்கி உருளைக்கிழங்கு சீவ உட்கார்ந்தார். அவர் சீவிய தோல் அறுபடாமல் ஒரே சுருளாக இறங்கியதை ஆணியின் மனைவி கவனித்தாள். பிறகு நாலு பேரிடம் சொல்லவும் செய்தாள்.

நோய் எங்கே என்று ஆணி கண்டுபிடித்துவிட்டார். கையிலிருந்து வரும் கேபிள் உறை ஹேண்டில்பாருக்குக் கீழே, ஃபோர்க் கழுத்தின் உச்சியில் ஒரு சின்னத் தாங்கியில் வந்து முடியும். அதற்குக் கீழே சக்கரம் வரை கேபிள் உறையில்லாமல் வெறுங்கம்பியாக இறங்கும். பட்டாணியின் சைக்கிள் குட்டையானது. கைக்கும் தாங்கிக்கும் நடுவே இடமே இல்லை. உறை முண்டிக்கொண்டு மடங்கி நின்றது. அது ஒரு குறை. பெரிய குறை, பிரேக் பிடித்ததும் ஃபோர்க் கொஞ்சம் பின்னால் வளைகிறது. வளைந்தால் வெறுங்கம்பி இழுபடுகிறது. இழுபட்டால் பிரேக் இன்னும் கடிக்கிறது. கடித்தால் இன்னும் வளைகிறது. தன் வாலைத் தானே துரத்துகிற நாயின் கதை. தாங்கியை உச்சியிலிருந்து கழற்றி, ஃபோர்க் இரண்டாகப் பிரிகிற இடத்தில், டயருக்குச் சற்று மேலே வைத்துவிட்டால் வெறுங்கம்பி சாண் நீளத்துக்கு வந்துவிடும். இழுபட ஒன்றும் இருக்காது. உறைக்கும் தாராளமாக வளைய இடம் கிடைக்கும்.

ஆணி அதைத்தான் செய்தார். ஹேண்டில்பாரில் சுற்றியிருந்த பழைய டேப்பை அவிழ்த்தார். இரண்டு கேபிளையும் உருவிப் போட்டார். புது உறையை நறுக்கி, நறுக்கிய வாயை அரத்தால் தட்டையாகத் தேய்த்து, நசுங்கிய உட்துளையைக் குத்தூசியால் திறந்தார். மாப்பிள்ளை விளக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். அவர் ரொட்டிக்கடையில் வேலை செய்பவர். பிரேக்கைப் பற்றி ஒன்றும் தெரியாது; தெரியாது என்று சொல்லிக்கொள்ள வெட்கமும் இல்லை.

"மாமா, முன் பிரேக் எந்தக் கைக்கு?" என்று கேட்டுவிட்டார்.

மூன்று பேர் காலையிலிருந்து கேட்காமல் விழுங்கிக்கொண்டிருந்த கேள்வி அது. சமையலறையில் கத்திச் சத்தம் நின்றது.

"மாப்பிள்ளை, மாவு பிசையறப்ப உங்கள யாராவது எந்தக் கையின்னு கேப்பாங்களா?"

"ரெண்டு கையாலதானே மாமா பிசைவேன்."

"விளக்க கொஞ்சம் தூக்கிப் புடிங்க."

கத்திச் சத்தம் மறுபடி தொடங்கியது.

ஆணி உறையை எடுத்து வலது பக்கம் வைத்துப் பார்த்தார். கை தானாகவே அங்கே போயிற்று. வலது லீவரிலிருந்து ஹேண்டில்பாரின் அடியாக வந்து, கழுத்தைச் சுற்றி, ஃபோர்க்கில் வந்து இறங்கிய வளைவு, கிளையில் குருவி உட்கார்ந்தது போல உட்கார்ந்தது. அவர் தகப்பனார் பார்த்திருந்தால் தலையசைத்திருப்பார். ஆணி அதைச் சற்று நேரம் பிடித்துக்கொண்டே நின்றார். சமையலறையில் இருக்கிற மனிதர் மழையில் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு வந்து, தமக்கு வரவில்லை என்று வாய்விட்டுச் சொன்னவர். மகள் வாழ்வது அங்கே. அவள் சைக்கிளைத் தினமும் துடைத்து மாட்டுவது அந்தப் பட்டறையில். நம் வீட்டில் பிறந்தவள்தான். ஆனால் கையெழுத்து மாறி ஒரு வருடம் ஆகிறது.

உறையை எடுத்துத் திருப்பி இடது பக்கம் வைத்தார்.

அந்தப் பக்கத்து வளைவு சரியாக வர இரண்டு தடவை நறுக்க வேண்டியிருந்தது. கேபிளைச் செருகி, கட்டையைச் சரி பார்த்து, நுனி பிரியாமல் ஈயம் வைத்தார். பின் பிரேக் வலது கைக்குப் போயிற்று. வேலை முடிந்ததும் மனைவியைக் கூப்பிட்டார். ஹேண்டில்பாருக்கு டேப் சுற்றுவது அந்தப் பட்டறையில் எப்போதும் அவள்தான். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, கேபிள் போகிற வழியைக் கண்ணால் பின்தொடர்ந்தாள்.

"இடது கைக்கா?"

"பாத்துக்கிட்டே கேக்கறியே."

"என் கண்ணு சரியா இருக்கான்னு பாத்தேன்."

"சம்பந்திகிட்ட ஒண்ணும் சொல்லிட்டு நிக்காத."

"நான் எதுக்குச் சொல்லணும். அவரு கண்ணு என் கண்ண விட நல்ல கண்ணு."

அவள் பஞ்சுவிடம் சொல்லவில்லை. மகளிடம் சொன்னாள். தட்டு எடுத்து வைக்கும்போது காதோடு காதாக, "அப்பா உன் மாமனார் முறையிலதான் கட்டியிருக்காரு. நீ பாட்டுக்கு ஓட்டு. போய் ஏன்னு கேட்டு வைக்காத" என்றாள்.

பகல் சாப்பாட்டுக்குப் பருப்பும் உருளைக்கிழங்கும் போட்ட சூப், அவித்த முட்டை, மாப்பிள்ளை கொண்டுவந்த ரொட்டி. பட்டறை மேசையைத் துடைத்துவிட்டு அதிலேயே சாப்பிட்டார்கள். கிரீஸ் வாசனை ரொட்டி வாசனையோடு போட்டி போட்டுத் தோற்றது.

"சம்பந்தி இன்னும் கொஞ்சம் ஊத்திக்கோங்க."

"போதும். வயிறு கேக்குது, முழங்கால் வேண்டாங்குது."

"சூப்புக்கும் முழங்காலுக்கும் என்ன?"

"வயிறு கனத்தா தூக்கிட்டு நடக்கறது அதுதானே."

ஆணி சிரித்தார். அவர் சிரித்தால் தோள் அசையாது, மீசை மட்டும் அசையும். பஞ்சு கண்ணைச் சைக்கிள் பக்கம் திருப்பவே இல்லை. அது கண்ணியம். ஆணி அதையும் மனதில் குறித்துக்கொண்டார்.

சாப்பிட்டதும் ஆணியும் மாப்பிள்ளையும் பந்தய மைதானத்தில் பாதை எப்படி இருக்கிறது என்று பார்க்கப் போனார்கள். "நான் வரல, இந்த முழங்காலுக்குச் சேறு ஆகாது" என்று பஞ்சு தங்கிவிட்டார். பெண்கள் இருவரும் சற்றுக் கண்ணயர்ந்தார்கள். மைதானத்தில் பாதி பாதை குளமாகிக் கிடந்தது. வளைவுகளில் வைக்கோல் போட்டிருந்தார்கள். மாப்பிள்ளை ஒரு சரிவில் நடந்து பார்க்கிறேன் என்று வழுக்கி உட்கார்ந்து, உட்கார்ந்தபடியே அடிவரை போய்ச் சேர்ந்தார்.

"இங்க பிரேக் புடிச்சா நிக்குமா மாமா?"

"உங்களுக்கு நிக்கல. அவளுக்கு நிக்கும்."

திரும்பி வந்தபோது மழை விட்டிருந்தது. பட்டாணி எழுந்து, காலணியை மாட்டிக்கொண்டு தயாராக நின்றாள். பட்டறைக்குப் பின்னால் கைவிட்ட செங்கல் சூளை ஒன்று. அதன் மண்மேட்டிலிருந்து கீழே புல்வெளி வரை ஒரு இறக்கம். சிறுவயதிலிருந்து அவள் பழகிய இடம். எல்லோரும் பின்வாசலில் வந்து நின்றார்கள்.

சைக்கிளில் ஏறும் முன் பிரேக்கை அழுத்திப் பார்ப்பது பச்சைக் குழந்தையும் செய்வது. பட்டாணி செய்யவில்லை. அந்த வீட்டில் அப்படி ஒரு வழக்கம். ஆணி கட்டிக் கொடுத்த பிரேக்கை அவர் கண்ணெதிரே அழுத்திப் பார்த்தால், அவரைச் சந்தேகப்பட்டதாக அர்த்தம். வெளி ஆட்கள்கூடத் தெருமுனை தாண்டித்தான் அழுத்திப் பார்ப்பார்கள். மகள் எப்படிப் பார்ப்பாள். ஏறினாள், மேட்டிலிருந்து விட்டாள்.

நன்றாகத்தான் இறங்கினாள். பாதி இறக்கத்தில், ஈரக் களிமண்ணில் திரும்ப வேண்டிய இடத்தில், முன்சக்கரம் வழுக்கக் கூடாது என்று பின் பிரேக்கை மட்டும் பிடிக்க நினைத்து, வலது கையை நன்றாக அழுத்தினாள். முன்சக்கரம் நின்றது. அவள் நிற்கவில்லை. பக்கவாட்டில் சரிந்து, வலது கையை ஊன்றி, களிமண்ணில் நீளமாகக் கோடு கிழித்துக்கொண்டு புல்வெளியில் போய்ச் சேர்ந்தாள்.

மாப்பிள்ளைதான் முதலில் ஓடினார். இரண்டாவது தடவையாகவும் வழுக்கினார். ஆனாலும் முதலில் போனவர் அவரே.

"எங்க அடி?" என்றார்.

"கை. ஒண்ணுமில்ல. சைக்கிள எடுங்க" என்றாள் பட்டாணி. தலைமுதல் கால்வரை மண். கண் மட்டும் தெரிந்தது. அந்தக் கண் அப்பாவைப் பார்த்தது. "அப்பா, முன் பிரேக் இடது கைக்குத்தானே கட்டினீங்க?"

ஆணி சைக்கிளைத் தூக்கிப் பிடித்து வலது லீவரை அழுத்தினார். முன் கட்டைகள் சக்கரத்தைக் கவ்வின. அவருக்கு ஒரு கணம் உலகமே கைமாறிப் போனது போல இருந்தது. தம் கை தம்மை ஏமாற்றிவிட்டதா? வயது வந்துவிட்டதா? அவர் வாயைத் திறக்கும் முன் அவர் மனைவி ஹேண்டில்பார் டேப்பின் மேல் விரலை ஓட்டினாள்.

"இது என் சுத்து இல்ல. நான் பாதி மேல பாதி ஏத்திச் சுத்துவேன். இது கால்வாசிதான் ஏறியிருக்கு. யாரோ சிக்கனக்காரங்க சுத்தியிருக்காங்க."

"சிக்கனம் இல்ல சம்பந்தியம்மா" என்றது பின்னாலிருந்து ஒரு மெல்லிய குரல். "பழகின கை."

எல்லோரும் திரும்பினார்கள். பஞ்சு பஞ்சைவிட வெளுத்திருந்தார்.

"நீங்களா மாத்தினீங்க?" என்றார் ஆணி.

"நான்தான். நீங்க போனதுக்கப்புறம் போய்ப் பாத்தேன். இடது கைக்குக் கட்டியிருந்தீங்க. மனசு கேக்கல சம்பந்தி. உங்க பட்டறை, உங்க பொண்ணு. உங்க முறைய விட்டுட்டு என் முறையில கட்டியிருக்கீங்க. நான் உங்க கிட்ட கொண்டாந்தது ஆட்டத்த நிறுத்தத்தான். உங்கள வளைக்க இல்ல."

"என்ன யாரும் வளைக்கல."

"தெரியும். அதனாலதான் என்னால தாங்க முடியல. கேபிள் நுனிக்கு நீங்க ஈயம் வச்சிருந்தீங்க, உருவிச் செருக சுலபமா இருந்துச்சு. உங்க முறைக்கே மாத்திட்டேன். நீங்க வந்ததும் சொல்லலாம்னுதான் இருந்தேன். எப்படிச் சொல்றதுன்னு வார்த்தைய தேடிக்கிட்டு இருந்தேன், அதுக்குள்ள அவ ஏறிட்டா."

"அவ ஒரு வருஷமா உங்க முறையில ஓட்டறா. அத மாத்தலாமா?"

"அதுக்கு முன்னாடி பத்து வருஷம் உங்க முறையில ஓட்டினா. அத நான் மாத்தினேனே."

"அது உங்க வீடு. உங்க இஷ்டம்."

"இது உங்க வீடு. உங்க இஷ்டம்."

"என் இஷ்டம் உங்க முறைதான்."

"என் இஷ்டம் உங்க முறைதான் சம்பந்தி."

"நல்லா இருக்கு" என்றாள் ஆணியின் மனைவி. "ரெண்டு பேரும் மாத்தி மாத்தி விட்டுக்கொடுத்து, நடுவுல பொண்ணத் தூக்கி மண்ணுல போட்டுட்டீங்க."

ஆணி வாளியில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். பஞ்சு துண்டை நனைத்துக் கொடுத்தார். ஆணியின் மனைவி மகளின் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டிப் பார்த்தாள். எலும்பு சரியாக இருந்தது. மணிக்கட்டு மட்டும் ரொட்டி மாவு உப்புவதுபோலக் கண்ணெதிரே உப்பிக்கொண்டு வந்தது.

"பலகையில எறங்கறப்ப என்ன ஆகும்?" என்றார் பஞ்சு கவலையாக. "ஒத்தக் கையில எது இருக்கோ அதுதானே புடிக்கணும்."

"அதத்தான் நானும் யோசிக்கறேன்" என்றார் ஆணி.

பட்டாணி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பலகைகிட்ட நான் ஒத்தக் கையில பிரேக்கே புடிக்கறதில்ல" என்றாள்.

"என்னது?"

"ரெண்டு கையும் மேல இருக்கறப்பவே வேகத்தக் கொறச்சிடுவேன். அப்புறம்தான் காலத் தூக்குவேன். எறங்கறப்ப இந்தக் கை சும்மா புடிச்சிருக்கும், அவ்வளவுதான்."

"எப்பலேருந்து?"

"சின்னதுலேருந்து."

தகரத்தின் விளிம்பிலிருந்து மிச்ச மழை சொட்டிக்கொண்டிருந்தது. அக்கரையில் ஒரு தலைமுறை, இக்கரையில் இரண்டு தலைமுறை. எத்தனை பேருக்குக் காரணம் சொல்லியிருப்பார்கள், எத்தனை வாடிக்கைக்காரரை இந்த ஒன்றுக்காகத் திருப்பி அனுப்பியிருப்பார்கள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் ஒரே திசையைப் பார்த்தார்கள். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை, செங்கல் சூளைதான் இருந்தது.

"இதையேன் நீ இத்தன நாளா சொல்லல?" என்றார் ஆணி.

"கேட்டாத்தானேப்பா."

"எந்தக் கை உனக்கு வசதின்னாவது சொல்லியிருக்கலாமே அம்மாடி" என்றார் பஞ்சு.

"எந்தக் கையா இருந்தாலும் எனக்கு ஒண்ணுதான் மாமா. எந்தக் கையில இருக்குன்னு தெரிஞ்சாப் போதும்." பிறகு வலது கையை லீவரில் வைத்து அழுத்திப் பார்த்தாள். முகம் சுருங்கியது. விரல் மடங்கியது, பலம் வரவில்லை. "இப்ப ஒண்ணு இல்ல. இதுல முன் பிரேக்க என்னால புடிக்க முடியாது. இடது கைக்கே வேணும்."

"பந்தயமே வேண்டாம்" என்றார் மாப்பிள்ளை. அவர் அன்று கண்டிப்பாகச் சொன்ன ஒரே வார்த்தை அதுதான். அதை அவள் கேட்கவில்லை.

"நாளைக்கு அங்க டாக்டர் இருப்பாங்க. பாத்து வேண்டாம்னு சொன்னா எறங்கிடறேன். சரியா? இப்ப மாத்துங்க."

ஆணி சைக்கிளைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்குள் போனார். தாங்குகாலில் மாட்டிவிட்டுத் திரும்பினார். பஞ்சு வழக்கம்போல வாசலில் நின்றிருந்தார்.

"என்ன அங்கயே நின்னுட்டீங்க? உள்ள வாங்க. எனக்குக் கை பத்தல."

பஞ்சு உள்ளே வந்தார். ஆணி டேப்பை அவிழ்த்தார். பஞ்சு கேபிளை உருவினார். உறை எவ்வளவு நீளம் என்பதில் சண்டை வந்தது.

"ரெண்டு விரல் சேத்து விடுங்க சம்பந்தி. திருப்பறப்ப இழுக்கும்."

"நீளமா விட்டா வளைவுல சேறு தங்கும்."

"குட்டையா விட்டா கை திருப்பறப்ப தானா பிரேக் புடிக்கும். அதுக்குச் சேறு தேவல."

"ஒரு விரல்."

"ஒன்றரை."

"இது என்ன, கத்திரிக்காயா?"

"உங்க தாங்கி கீழ இருக்கு. அதுக்கு வழக்கமான நீளம் ஆகாது. நான் சொல்றதக் கேளுங்க."

ஆணி ஒன்றரை விரல் சேர்த்து நறுக்கினார். ஹேண்டில்பாரை இருபக்கமும் கோடிவரை திருப்பிப் பார்த்தார். உறை எங்கும் முண்டவில்லை, எங்கும் தொங்கவில்லை. அவர் காலையில் இரண்டு தடவை நறுக்கிக் கொண்டுவந்ததைவிட நல்ல வளைவு அது. "ம்" என்றார். ஆணியிடம் "ம்" வாங்குவது எவ்வளவு கடினம் என்று அந்தத் தெருவுக்கே தெரியும். பஞ்சு அரத்தை எடுத்து, ஒன்றும் நடக்காதது போல அடுத்த உறையின் வாயைத் தேய்க்கத் தொடங்கினார். ஒருவர் கட்டையை அமுக்கிப் பிடிக்க இன்னொருவர் திருகை முடுக்கினார். இரண்டு கட்டைகளையும் இணைக்கிற குறுக்குக் கம்பி நடுவில் இருக்கிறதா என்று இருவரும் ஆளுக்கொரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்கள். டேப் சுற்ற ஆணியின் மனைவி வந்தாள். பாதி மேல் பாதி ஏற்றிச் சுற்றினாள். பஞ்சுவைப் பார்த்துக்கொண்டே சுற்றினாள்.

எல்லாம் முடிந்ததும் ஆணி மகளைக் கூப்பிட்டார்.

"அழுத்திப் பாரு."

பட்டாணி தயங்கினாள். அம்மாவைப் பார்த்தாள்.

"என் முன்னாலயே அழுத்திப் பாரு. ரெண்டையும். எது எதுன்னு வாயால சொல்லு."

"இது முன்னாடி" என்றாள் இடது கையை அழுத்தி. "இது பின்னாடி."

"இன்னொரு தடவை."

மறுநாள் மழை இல்லை, ஆனால் சேறு அப்படியே இருந்தது. டாக்டர் மணிக்கட்டை அமுக்கிப் பார்த்து, இறுக்கக் கட்டுப் போட்டு, ஓட்டலாம் என்றார். இரண்டு பெரியவர்களும் பலகைக்குப் பக்கத்தில் போய் நின்றார்கள். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை என்று இப்போது தெரியும். ஆனாலும் கால் அங்கேதான் போயிற்று. முதல் சுற்றில் அவள் வந்தபோது நிஜமாகவே கவனித்தார்கள். பலகைக்கு முன்பே வேகம் குறைந்துவிட்டது. கால் சுழன்றது, வலது கை சட்டத்துக்குப் போனது, இடது கை விரல்கள் லீவரைத் தொடவே இல்லை.

"ஆமாம், தொடல" என்றார் பஞ்சு.

"தொடல" என்றார் ஆணி.

அதற்குப் பிறகு இருவரும் இறக்கத்துக்குப் போய் ஃபோர்க்கைப் பார்த்தார்கள். முந்தின நாள் மாப்பிள்ளை உட்கார்ந்தபடி போய்ச் சேர்ந்த அதே சரிவு. மற்றவர்கள் அங்கே பின்சக்கரத்தை வாலாட்டிக்கொண்டு இறங்கினார்கள். பட்டாணி இடது கையால் முன் பிரேக்கைத் தொட்டுத் தொட்டு விட்டாள். ஃபோர்க் ஆடவில்லை. சேறு பிடித்துக் கனத்த சைக்கிளை ஒவ்வொரு சுற்றிலும் வீங்கிய கையால் தூக்க வேண்டியிருந்தது. அந்த இடத்தில் மூன்று பேரை முன்னே விட்டாள். இறக்கத்தில் இரண்டு பேரைத் திரும்பப் பிடித்தாள். கடைசிச் சுற்றில் மாப்பிள்ளை தொண்டை கட்டும்வரை எண்ணிக்கொண்டே ஓடினார். ஏழாவதாக வந்தாள். இடம் நிலைத்தது.

பஞ்சு தம் துண்டை எடுத்து ஃபோர்க்கிலிருந்த சேற்றை வழித்தார். ஆணி குனிந்து தாங்கிக்கு அடியில் ஒட்டியிருந்த புல்லை விரலால் எடுத்தார்.

அந்தச் சைக்கிளில் முன் பிரேக் இன்றைக்கும் இடது கைக்குத்தான் இருக்கிறது. ஆணியின் மேல் அன்புள்ளவர்கள், அவர் பெயருக்குப் பழுது வரக் கூடாது என்று நினைத்து, இதற்கு ஒரு காரணம் சொல்லி வருகிறார்கள்: மகளின் மணிக்கட்டு வீங்கிவிட்டது, வேறு வழியில்லை, அதனால்தான் ஆணி தம் முறையை விட்டுச் சம்பந்தியின் முறைக்கு மாறினார் என்று. அது தவறு. ஆணி இடது கைக்குக் கட்டியது சனிக்கிழமை காலையில். அப்போது அந்தக் கையில் வீக்கம் எதுவும் இல்லை.